வான் அளக்கைத் தரவுகளும் வானியலாளர் பயிற்சியும்

வான் அளக்கை என்பது ஒரு விண்மீனையோ கோளையோ மட்டும் குறிவைத்து நோக்காமல், வானத்தின் பெரும்பரப்பை ஒழுங்குமுறையாகப் படம்பிடித்து, அதில் தென்படும் பொருள்கள் அனைத்தையும் அளந்து பட்டியலிடும் பணியாகும். இருபதாம் நூற்றாண்டின் இறுதியில் இப்பணியில் சேர்ந்த தரவு தனி ஆய்வாளரின் கணினியில் அடங்காத அளவை எட்டியது. தரவு ஓரிடத்தில் இருக்க, ஆய்வாளர் வேறோர் ஊரில் இருந்தபடி அங்குள்ள கணினிகளை இயக்கி ஆராயும் முறை அதன்பின் தோன்றியது. 2001-ஆம் ஆண்டில் ஸ்கைசர்வர் தளம் திறக்கப்பட்டதிலிருந்து 2025-இல் வெரா ரூபின் வானாய்வகம் தன் முதல் தரவை வெளியிட்டது வரை இம்முறை வளர்ந்த விதத்தையும், அதற்கு வானியலாளர்களைப் பழக்க மேற்கொள்ளப்பட்ட முயற்சிகளையும் இக்கட்டுரை விவரிக்கிறது.

கண்ணாடித் தட்டும் காந்த நாடாவும்

அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில் உள்ள பலோமார் மலையில் 48 அங்குல ஷ்மிட் தொலைநோக்கியைக் கொண்டு 1949 முதல் 1958 வரை நடந்த வான் அளக்கை, அக்காலத்தின் மிகப் பெரிய முயற்சிகளுள் ஒன்று. வானத்தின் ஒவ்வொரு பகுதியும் நீல ஒளியில் ஒரு முறையும் சிவப்பு ஒளியில் ஒரு முறையும் 14 அங்குலச் சதுரக் கண்ணாடித் தட்டுகளில் பதிவு செய்யப்பட்டது. அத்தட்டுகளின் படிகள் உலகின் பல வானாய்வகங்களுக்கு விற்கப்பட்டன. நூலகத்தின் இழுப்பறைகளில் அவை அடுக்கி வைக்கப்பட்டிருக்கும். வேண்டிய தட்டை எடுத்து, ஒளிப்பலகையின் மீது வைத்து, உருப்பெருக்கியால் பார்ப்பார்கள். அன்றைய தரவு கையால் தூக்கிச் செல்லக்கூடியதாக இருந்தது. அதைப் படிக்கும் பயிற்சியும் கண்ணுக்கும் கைக்கும் உரியதாகவே இருந்தது.

1970-களுக்குப் பின் மின்னணு ஒளியுணரிகள் கண்ணாடித் தட்டுகளின் இடத்தைப் பிடித்தன. இரவெல்லாம் கண்விழித்து நோக்கிய மாணவர், மலையிலிருந்து இறங்கும்போது காந்த நாடாச் சுருளைக் கையில் எடுத்துவருவார். வெவ்வேறு வானாய்வகங்களின் நாடாக்களை எல்லாரும் படிக்க ஏதுவாக 'ஃபிட்ஸ்' என்ற பொதுக் கோப்பு வடிவம் 1981-இல் வெளியிடப்பட்டது. அதே காலத்தில் அமெரிக்க தேசிய ஒளியியல் வானாய்வக அமைப்பு 'ஐராஃப்' என்ற மென்பொருளை உருவாக்கத் தொடங்கியது. அடுத்த முப்பது ஆண்டுகளுக்கு முனைவர் பட்ட மாணவர் பலரின் கல்வி இவ்விரண்டையும் சுற்றியே அமைந்தது. தாம் எடுத்த படத்தில் கருவியின் குறைகளை நீக்குவதும், விண்மீனின் பிரகாசத்தை அளப்பதும் மாணவரே செய்யும் வேலைகள். எந்தப் படத்தில் மேகம் குறுக்கிட்டது, எந்த இரவில் குவியம் பிசகியது என்பதெல்லாம் அவருக்கு நேரடியாகத் தெரியும். பின்னாளில் தொலைக் கணினித் தளங்கள் வந்தபோது அவர்கள் இழந்தது இந்த நேரடி அறிவைத்தான். அதைப் பயிற்சியால் எந்த அளவுக்கு ஈடுசெய்ய முடியும் என்பது இவ்வரலாறு முழுவதும் தொடர்ந்து வரும் கேள்வியாகும்.

ஸ்லோன் அளக்கையும் ஜிம் கிரேயும்

நியூ மெக்சிகோ மாநிலத்தின் அப்பாச்சி பாயிண்ட் வானாய்வகத்தில் 2.5 மீட்டர் தொலைநோக்கியுடன் அமைக்கப்பட்டது ஸ்லோன் டிஜிட்டல் வான் அளக்கை. 30 ஒளியுணரிச் சில்லுகள் கொண்ட அதன் படக்கருவி 1998-இல் முதல் ஒளியைப் பெற்றது. முறையான அளக்கை 2000-இல் தொடங்கியது. இங்கே படம் எடுப்பவர் வேறு, அதைச் சீராக்கும் மென்பொருளை எழுதுபவர் வேறு, முடிவில் அதை ஆராய்பவர் வேறு. ஆராய்பவரின் கைக்கு வருவது சீராக்கப்பட்ட அட்டவணைதான். ஒவ்வொரு பொருளுக்கும் ஒரு வரிசை. ஒவ்வொரு வரிசையிலும் இருப்பிடம், பிரகாசம், நிறம், வடிவம் என நூற்றுக்கணக்கான அளவுகள்.

இந்த அட்டவணைகளை எல்லாரும் பயன்படுத்தும்படி எப்படி வைப்பது என்ற பொறுப்பு ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தின் அலெக்ஸ் சலாய் குழுவிடம் இருந்தது. முதலில் அவர்கள் தேர்ந்தெடுத்த பொருள்சார் தரவுத்தள முறை எதிர்பார்த்த பலனைத் தரவில்லை. அப்போது துணைக்கு வந்தவர் மைக்ரோசாஃப்ட் நிறுவனத்தின் ஆய்வாளர் ஜிம் கிரே. வங்கிக் கணக்கும் பயணச்சீட்டு முன்பதிவும் ஒரே நேரத்தில் பலர் பயன்படுத்தினாலும் குழம்பாமல் இயங்கக் காரணமான பரிமாற்றச் செயலாக்கத் துறையின் முன்னோடிகளுள் ஒருவர் அவர். அதற்காக 1998-ஆம் ஆண்டின் டூரிங் விருதைப் பெற்றவர். தரவின் அளவுதான் அவரை வானியல் பக்கம் ஈர்த்தது. வானியல் தரவைப் பற்றி அவர் விளையாட்டாகச் சொல்லும் காரணம் ஒன்றும் உண்டு. அதற்குச் சந்தை மதிப்பு இல்லை. ஆகவே யாரும் மறைத்து வைக்க மாட்டார்கள், தாராளமாகச் சோதனை செய்யலாம் என்பது அது.

கிரேயின் முதல் வேலை கணினி தொடர்பானதாகவே இல்லை. உங்களுக்கு விடை வேண்டிய மிக முக்கியமான இருபது கேள்விகளை எழுதித் தாருங்கள் என்று அவர் வானியலாளர்களைக் கேட்டார். ஐந்து கேள்விகள் போதாது, அவற்றில் பொதுவான போக்குத் தெரியாது. நூறு கேட்டால் எது முக்கியம் என்பது மறைந்துபோகும் என்பது அவர் கணக்கு. பள்ளியில் வினாத்தாள் தயாரித்தவர்களுக்கு இதன் அருமை புரியும்: நல்ல கேள்வியை எழுத, பாடம் முழுவதும் தெரிந்திருக்க வேண்டும். இக்கேள்விகளைத் தொகுக்கும்போதே வானியலாளர்கள் தம் துறையை அட்டவணைகளாகவும் நிபந்தனைகளாகவும் நினைத்துப் பார்க்கக் கற்றுக்கொண்டனர். தரவுத்தளம் கட்டிய குழுவும் வானியலைக் கற்றுக்கொண்டது.

அந்த இருபதில் ஒன்று சிறுகோள்களைக் கண்டுபிடிப்பது. ஸ்லோன் படக்கருவியில் வானம் ஐந்து நிற வடிகட்டிகளின் மீது ஒன்றன்பின் ஒன்றாக ஊர்ந்து செல்லும். முதல் வடிகட்டிக்கும் கடைசி வடிகட்டிக்கும் இடையே சுமார் ஐந்து நிமிடம் ஆகும். தொலைவில் உள்ள விண்மீன் ஐந்து படங்களிலும் ஒரே இடத்தில் இருக்கும். சிறுகோளோ அதற்குள் சற்றே நகர்ந்திருக்கும். ஆகவே 'நிறத்துக்கு நிறம் இடம் மாறிய பொருள்களை மட்டும் எடு' என்று கேட்டால் சிறுகோள்கள் வந்துவிடும். பழைய முறையில் இதற்குத் தனி நிரல் எழுதி, எல்லாக் கோப்புகளையும் ஒவ்வொன்றாகத் திறந்து தேட வேண்டும். புதிய முறையில் சில வரிகளே கொண்ட ஒரு வினவல் போதும்.

2001 ஜூன் மாதம் ஸ்லோன் அளக்கையின் முன்னோட்டத் தரவும் ஸ்கைசர்வர் தளமும் பொதுமக்களுக்குத் திறக்கப்பட்டன. வானத்தில் சுமார் 460 சதுர பாகைப் பரப்பும், ஏறத்தாழ 1.4 கோடிப் பொருள்களும் அதில் இருந்தன. இணைய உலாவி ஒன்று இருந்தால் போதும், எந்த நாட்டிலிருந்தும் கேள்வி கேட்கலாம். பள்ளி மாணவர்களுக்கான பாடங்களும் அதே தளத்தில் இருந்தன என்பது பலர் கவனிக்காத செய்தி. விண்மீன் பேரடைகளின் தொலைவையும் விலகு வேகத்தையும் தாமே அளந்து, பிரபஞ்சம் விரிகிறது என்பதைக் காட்டும் ஹபிள் வரைபடத்தை மாணவர்கள் வரையும் பயிற்சி அவற்றுள் ஒன்று. ஆய்வாளர்களுக்கு என்று ஒரு தரவும், மாணவர்களுக்கு என்று வடிகட்டிய இன்னொரு தரவும் அங்கு இல்லை. இருவரும் ஒரே அட்டவணையைத்தான் பார்த்தனர்.

வினவல் மொழியைக் கற்றல்

ஸ்கைசர்வரில் கேள்வி கேட்கும் மொழி எஸ்.கியூ.எல். வணிகத் துறையில் 1970-களிலிருந்து வழங்கிவருவது. அதன் அடிப்படை எளிது: எந்த அளவுகள் வேண்டும், எந்த அட்டவணையிலிருந்து வேண்டும், எந்த நிபந்தனைக்கு உட்பட்டு வேண்டும் என்று மூன்று பகுதிகளாகக் கேட்பது. எப்படித் தேடுவது என்பதை ஆய்வாளர் சொல்ல வேண்டியதில்லை. அதைத் தரவுத்தளமே முடிவு செய்யும். ஃபோர்ட்ரான் மொழியில் ஒவ்வொரு படியையும் தாமே எழுதிப் பழகிய தலைமுறைக்கு இந்த விட்டுக்கொடுத்தல் எளிதாக வரவில்லை.

இலக்கணத்தைவிடப் பெரிய இடர் வேறிடத்தில் இருந்தது. அளக்கையில் அடுத்தடுத்த படப் பட்டைகள் ஒன்றன்மேல் ஒன்று சிறிது படியும். அந்த இடத்தில் உள்ள ஒரே விண்மீன் அட்டவணையில் இரண்டு முறை இடம்பெறும். நெருங்கி ஒட்டியிருக்கும் இரண்டு பேரடைகளை மென்பொருள் முதலில் ஒரே பொருளாகவும், பின்னர் பிரித்து இரண்டாகவும் பதியும். ஆக மூன்று வரிசைகள். இதை அறியாமல் எண்ணினால் எண்ணிக்கை தவறும். வினவல் பிழையின்றி ஓடும், விடையும் வரும், ஆனால் அந்த விடை தவறாக இருக்கும். இதற்காக ஒவ்வொரு பொருளுக்கும் ஒரே ஒரு முதன்மைப் பதிவை மட்டும் காட்டும் 'ஃபோட்டோபிரைமரி' என்ற காட்சி ஸ்லோன் தரவுத்தளத்தில் அமைக்கப்பட்டது. ஒவ்வோர் அளவுக்கும் உடன் வரும் தரக் குறியீடுகளைப் பார்க்காமல் எதையும் நம்பக்கூடாது என்பதும் முதல் பாடங்களில் சேர்ந்தது. ஒளி அதிகமாகி நிறைந்துபோன பிக்சல், காஸ்மிக் கதிர் பட்ட இடம், படத்தின் விளிம்பில் வெட்டுப்பட்ட பொருள் என ஒவ்வொன்றுக்கும் ஒரு குறியீடு உண்டு. மலையில் கண்விழித்தவருக்கு இயல்பாகத் தெரிந்தவற்றை, தளத்தில் அமர்ந்திருப்பவர் இக்குறியீடுகளின் வழியாகவே தெரிந்துகொள்ள வேண்டும்.

தரவைக் கொண்டுபோவதா, கேள்வியைக் கொண்டுபோவதா?

தரவு முழுவதும் தம் கையிலேயே இருக்க வேண்டும் என்று விரும்பிய நிறுவனங்களும் இருந்தன. அன்றைய இணைய வேகத்தில் அது நடக்கிற காரியமில்லை. கிரேயும் சலாயும் கண்ட வழி வேடிக்கையானது: வட்டுகள் நிறைந்த கணினிகளையே பெட்டியில் கட்டி அஞ்சலில் அனுப்பினர். நாள் கணக்கில் ஆனாலும் கம்பி வழி அனுப்புவதைவிட அது விரைவாகவும் மலிவாகவும் இருந்தது என்பதை 2002-இல் ஒரு கட்டுரையாகவே எழுதினர். ஆனால் அவர்கள் இறுதியில் வலியுறுத்தியது இதற்கு நேர்மாறான வழி. தரவைக் கணிப்பு இருக்கும் இடத்துக்குக் கொண்டுபோகாமல், கணிப்பைத் தரவு இருக்கும் இடத்துக்குக் கொண்டுபோக வேண்டும் என்பதே அது.

ஸ்கைசர்வரில் பொதுப் பயனர் கேட்கும் கேள்விக்கு நேர வரம்பும் வரிசை வரம்பும் உண்டு. ஒருவரின் பெரிய கேள்வி மற்றவர்களைக் காக்கவைத்துவிடக் கூடாது அல்லவா? பெரிய வேலைகளுக்காக 'காஸ்ஜாப்ஸ்' என்ற அமைப்பு உருவாக்கப்பட்டது. வில் ஓமல்லன் முதலிய குழுவினர் 2005-இல் இதை விவரித்து எழுதினர். இதில் கேள்வியைக் கொடுத்துவிட்டுப் போய்விடலாம். முறை வரும்போது அது ஓடும். விடை பயனரின் ஊருக்கு வராது. அங்கேயே அவருக்கென ஒதுக்கப்பட்ட 'மைடிபி' என்ற சிறு தரவுத்தளத்தில் சேரும். அதை அடுத்த கேள்வியுடன் இணைக்கலாம், கூட்டாளிகளுடன் பகிரலாம். ஆய்வாளரின் மேசை அவர் ஒருபோதும் காணாத ஓர் அறைக்குள் போனது இந்த இடத்தில்தான். பிற்காலத் தளங்கள் அனைத்திலும் காணப்படும் 'உனக்கென ஓர் இடம் இங்கேயே உண்டு' என்ற அமைப்பின் மூலம் இதுவே.

2007 ஜனவரி 28 அன்று, தன் தாயின் அஸ்தியைக் கடலில் கரைக்க சான் பிரான்சிஸ்கோவிலிருந்து தனியே பாய்மரப் படகில் சென்ற ஜிம் கிரே திரும்பவில்லை. செயற்கைக்கோள்கள் கடற்பரப்பைப் படமெடுத்தன. படங்கள் சிறு சிறு துண்டுகளாக்கப்பட்டு இணையத்தில் இடப்பட்டன. ஆயிரக்கணக்கான தன்னார்வலர்கள் ஒவ்வொரு துண்டிலும் அவர் படகைத் தேடினர். வானப் படங்களில் மங்கிய பொருள்களைத் தேடிப் பழகிய வானியலாளர்களும் படங்களைச் சீராக்க உதவினர். படகு கிடைக்கவில்லை.

பொது மொழியும் குறிப்பேடும்

ஒவ்வொரு வானாய்வகமும் தனித்தனி முறையில் தரவை வைத்தால் மாணவர் எத்தனை முறைகளைத்தான் கற்பது? இதற்காக 2002-இல் பன்னாட்டு மெய்நிகர் வானாய்வகக் கூட்டமைப்பு உருவானது. இந்தியாவிலிருந்து புனேயின் அயூக்கா நிறுவனமும் பெர்சிஸ்டன்ட் சிஸ்டம்ஸ் மென்பொருள் நிறுவனமும் இணைந்து நடத்திய மெய்நிகர் வானாய்வகத் திட்டம் இதில் பங்கேற்றது. அட்டவணைகளை வரைபடமாக்கும் 'விஓபிளாட்' என்ற மென்பொருள் அங்கு உருவானது. எஸ்.கியூ.எல் மொழியுடன் வானத்தின் வடிவியலைச் சேர்த்து 'ஏ.டி.கியூ.எல்' என்ற பொது மொழியைக் கூட்டமைப்பு வகுத்தது. இந்தப் புள்ளியைச் சுற்றி இத்தனை பாகை ஆரமுள்ள வட்டத்துக்குள் என்று அதில் நேராகக் கேட்கலாம். 2018 ஏப்ரல் 25 அன்று ஐரோப்பாவின் கையா விண்கலம் சுமார் 169 கோடி விண்மீன்களின் தரவை எல்லாருக்கும் ஒரே நாளில் திறந்தபோது, அதுவரை இம்மொழியை ஒதுக்கிவைத்திருந்தவர்களும் கற்க வேண்டியதாயிற்று.

வினவல் மட்டும் போதாது. எடுத்த விடையை வரைபடமாக்க வேண்டும், பொருத்திப் பார்க்க வேண்டும், படத்தோடு ஒப்பிட வேண்டும். இதற்கு உதவியது ஜூபிட்டர் குறிப்பேடு. கொலராடோ பல்கலைக்கழகத்தில் இயற்பியல் மாணவராக இருந்த ஃபெர்னாண்டோ பெரெஸ் 2001-இல் தொடங்கிய ஐபைத்தான், 2014-இல் ஜூபிட்டர் திட்டமாக வளர்ந்தது. விளக்க உரை, நிரல், அதன் விடை, வரைபடம் ஆகிய நான்கும் ஒரே பக்கத்தில் வரிசையாக அமையும் மின்பக்கம் இது. நிரல் ஓடுவது தொலைவில் உள்ள கணினியில். பயனர் காண்பது உலாவியில். வானியலுக்கான பொதுப் பைத்தான் தொகுப்பான 'ஆஸ்ட்ரோபை' 2011-இல் தொடங்கப்பட்டது. ஸ்கைசர்வரின் வழித்தோன்றலான சைசர்வர் இக்குறிப்பேடுகளைத் தரவுக்கு அருகிலேயே ஓடச் செய்தது.

ஆசிரியர்கள் பார்வையில் இதன் பெரும்பயன் வேறு. கணினிப் பயிலரங்குகளின் முதல் நாள் பெரும்பாலும் மென்பொருளை நிறுவுவதிலேயே கழிந்துவிடும். ஒருவர் கணினியில் ஒரு பதிப்பு, அடுத்தவர் கணினியில் இன்னொன்று. தொலைத் தளத்தில் எல்லாருக்கும் ஒரே பதிப்பு முன்பே நிறுவப்பட்டிருக்கும். விலை குறைந்த மடிக்கணினி வைத்திருப்பவரும் விலை உயர்ந்ததை வைத்திருப்பவரும் ஒரே கணிப்பு ஆற்றலுடன் பாடத்தைத் தொடங்கலாம்.

பாடத்திட்டத்துக்கு வெளியே

வியப்பு என்னவென்றால், இவ்வளவும் நடந்துகொண்டிருந்தபோது பெரும்பாலான பல்கலைக்கழகங்களின் வானியல் பாடத்திட்டம் அசையவே இல்லை. விண்மீன் அமைப்பும் பேரடை இயக்கவியலும் தேர்வுக்கு உண்டு. தரவுத்தளமும் நிரல் எழுதும் ஒழுங்கும் இல்லை. மாணவர் மூத்த மாணவரிடமிருந்து கற்றார். மூத்தவரின் பிழைகளும் சேர்ந்தே வந்தன. இந்த இடைவெளியை நிரப்பியவை கல்லூரிக்கு வெளியே தோன்றிய முயற்சிகள். அறிவியலாளர்களுக்கு அடிப்படை நிரலாக்க ஒழுங்கைக் கற்பிக்கும் 'சாஃப்ட்வேர் கார்பென்ட்ரி' 1998-லேயே தொடங்கியிருந்தது. சிலி நாட்டின் லா செரீனாவில் தரவு அறிவியல் பள்ளி 2013 முதல் நடக்கிறது. 2014-இல் சியாட்டிலில் தொடங்கிய 'ஆஸ்ட்ரோ ஹேக் வீக்' வகுப்பும் கூட்டு வேலையும் கலந்த ஒரு வாரச் சந்திப்பு.

இவற்றுள் மிக ஒழுங்காக அமைந்தது, ரூபின் அளக்கையை முன்னிட்டு 2016-இல் தொடங்கிய தரவு அறிவியல் ஆய்வுதவித் திட்டம். முனைவர் பட்ட மாணவர்கள் இரண்டு ஆண்டுகளில் ஆறு முறை, ஒவ்வொரு முறையும் ஒரு வாரம் கூடுவர். புள்ளியியல், இயந்திரக் கற்றல், தரவுத்தளம், பெரிய அளவில் நிரல் எழுதுதல், காட்சிப்படுத்தல் என ஒவ்வொரு வாரத்துக்கும் ஒரு பொருள். பாடங்கள் எல்லாம் விடை நிரப்பப்படாத குறிப்பேடுகளாக இருக்கும். மாணவர் நிரப்பியபடியே கற்க வேண்டும். அக்குறிப்பேடுகள் இணையத்தில் எவரும் எடுத்துப் பயன்படுத்தும்படி வைக்கப்பட்டன. கற்றவர் தம் ஊருக்குத் திரும்பி மற்றவர்களுக்குக் கற்பிக்க வேண்டும் என்பதும் திட்டத்தின் எதிர்பார்ப்பு.

இல்லாத வானத்தில் ஒத்திகை

சிலியின் செரோ பச்சோன் மலையில் அமைந்துள்ள வெரா ரூபின் வானாய்வகம் 8.4 மீட்டர் ஆடியும் 3,200 மெகாபிக்சல் படக்கருவியும் கொண்டது. கரும்பொருளுக்கு வலுவான சான்று தந்த வானியலாளர் வெரா ரூபினின் பெயர் அதற்குச் சூட்டப்பட்டது. பத்தாண்டு அளக்கையில் ஓர் இரவுக்குச் சுமார் 20 டெராபைட் தரவு சேரும் என்பது கணக்கு. நொடிக்கு 100 மெகாபிட் வேகமுள்ள வீட்டு இணைப்பில் அந்த ஓர் இரவின் தரவை இறக்க 18 நாளுக்கு மேல் ஆகும். பத்தாண்டு முடிவில் சுமார் 15 பெட்டாபைட் அளவாகும் என மதிப்பிடப்பட்டுள்ள அட்டவணைத் தரவுத்தளத்தை மட்டும் இறக்க ஏறக்குறைய 38 ஆண்டுகள். இங்கே தொலைத் தளம் என்பது வசதி அன்று. வேறு வழியே இல்லை.

காஸ்ஜாப்ஸ் அமைப்பை உருவாக்கிய வில் ஓமல்லன், இடையில் கையா திட்டத்தில் பணியாற்றிவிட்டு, ரூபின் வானாய்வகத்தின் தரவு மேலாண்மைப் பொறுப்புக்கு வந்தார். அங்கு உருவான ரூபின் அறிவியல் தளத்துக்கு மூன்று வாயில்கள்: நிரல் எழுதத் தெரியாதவரும் படிவத்தை நிரப்பிக் கேட்கக்கூடிய வலைவாசல், ஜூபிட்டர் குறிப்பேட்டுப் பகுதி, வெளி நிரல்கள் நேரடியாக வினவும் இடைமுகம். பின்னால் இயங்கும் 'கியூசர்வ்' தரவுத்தளம் வானத்தைத் துண்டு துண்டாகப் பிரித்துப் பல கணினிகளில் வைத்திருக்கும். ஆகவே வானத்தில் எந்த இடம் என்பதைக் குறிப்பிட்டுக் கேட்டால் சில கணினிகள் மட்டும் வேலை செய்து விரைவில் விடை வரும். இடம் சொல்லாமல் கேட்டால் எல்லாக் கணினிகளும் எல்லாத் துண்டுகளையும் புரட்ட வேண்டியிருக்கும்.

இத்தகைய தளத்தைத் தரவு வந்தபின் கற்கத் தொடங்கினால் காலம் போதாது. தரவு வருவதற்கு முன் கற்பிக்கவோ தரவு இல்லை. இந்தச் சிக்கலுக்கு ரூபின் குழு கண்ட தீர்வு இவ்வரலாற்றின் மிகச் சுவையான பகுதி. கருப்பு ஆற்றல் பற்றி ஆராயும் அறிவியல் கூட்டுக்குழு, 300 சதுர பாகை வானத்தை ஐந்தாண்டு நோக்கினால் எப்படி இருக்குமோ அப்படியே கணினியில் செயற்கையாக உருவாக்கி வைத்திருந்தது. அதில் உள்ள பேரடை ஒன்றும் உண்மையில் இல்லை. விண்மீன் ஒன்றும் இல்லை. இந்தப் பொய்வானத்தைத் தளத்தில் ஏற்றி, 'தரவு முன்னோட்டம் 0' என்ற பெயரில் 2021 ஜூன் 30 அன்று திறந்தனர். முதற்கட்டத்தில் சுமார் 300 பேர் 'பிரதிநிதிகள்' என்ற பெயரில் சேர்க்கப்பட்டனர். நிலையான தரவு மையம் அமையும் வரை கூகுள் நிறுவனத்தின் மேகக் கணினிகளில் தளம் இயங்கியது. ஓராண்டு கழித்து அதே பொய்வானப் படங்கள் ரூபினின் சொந்த மென்பொருளால் மீண்டும் சீராக்கப்பட்டு இரண்டாம் கட்டமாகவும், 2023-இல் சூரியக் குடும்பப் பொருள்களின் செயற்கைப் பட்டியல் மூன்றாம் கட்டமாகவும் வெளிவந்தன.

பொய்வானத்தில் உண்மைவானத்தில் இல்லாத ஒரு நன்மை உண்டு. எந்தப் பேரடை எங்கே, எவ்வளவு பிரகாசத்தில் வைக்கப்பட்டது என்பது உருவாக்கியவர்களுக்குத் தெரியும். அந்த 'உண்மை அட்டவணை'யும் பிரதிநிதிகளுக்குத் தரப்பட்டது. மாணவர் ஒருவர் மங்கிய பேரடைகளைத் தேடி எண்ணிவிட்டு, உண்மையில் எத்தனை இருந்தன என்று ஒப்பிட்டுப் பார்க்கலாம். தாம் எதைத் தவறவிட்டோம், எதை இரட்டிப்பாக எண்ணினோம் என்பது அப்போதே தெரிந்துவிடும். வினாத்தாளோடு விடைத்தாளும் சேர்த்துத் தருவது போன்றது இது. ஸ்லோன் காலத்து முதன்மைப் பதிவு என்ற பாடம் இங்கும் முதல் குறிப்பேடுகளிலேயே வருகிறது. நிபந்தனையின் பெயர் மட்டும் வேறு.

பிரதிநிதிகள் இரு வாரங்களுக்கு ஒருமுறை இணையவழியாகக் கூடினர். ஒருவர் குறிப்பேட்டை ஓட்டிக் காட்டுவார். பின்னர் சிறு குழுக்களாகப் பிரிந்து தாமே முயல்வர். வானியலோடு தொடர்பில்லாதது போலத் தோன்றும் பழக்கங்களும் கற்பிக்கப்பட்டன. முதலில் சிறு வட்டத்தில் கேட்டுப் பார்த்துவிட்டுப் பிறகு பெரிதாக்குவது, எல்லா நெடுவரிசைகளையும் கேட்காமல் வேண்டியதை மட்டும் கேட்பது, வேலை முடிந்ததும் உலாவியை மட்டும் மூடிவிட்டுப் போகாமல் முறையாக வெளியேறுவது போன்றவை அவை. உலாவியை மூடினாலும் தொலைவில் கணினி ஓடிக்கொண்டேதான் இருக்கும். பொதுக் குழாயைத் திறந்துவிட்டுப் போவதற்கும் இதற்கும் வேறுபாடு இல்லை. கற்பித்தவர்களும் கற்றனர்: எந்த இடத்தில் பயனர் தடுக்கி விழுகிறார் என்பதைக் கண்டு தளத்தைத் திருத்தினர்.

2025 ஜூன் 23 அன்று ரூபினின் முதல் படங்கள் வெளியாயின. ஒரு வாரத்தில், ஜூன் 30 அன்று, 'தரவு முன்னோட்டம் 1' வந்தது. பெரிய படக்கருவியைப் பொருத்துவதற்கு முன் 2024-இன் இறுதியில் 144 மெகாபிக்சல் சோதனைப் படக்கருவியால் ஏழு இடங்களில் எடுக்கப்பட்ட 1,792 படங்களும், அவற்றில் கண்டறியப்பட்ட சுமார் 23 லட்சம் பொருள்களின் அட்டவணையும் அதில் உள்ளன. நான்கு ஆண்டுகள் ஒத்திகை பார்த்தவர்களுக்குத் தளம் புதிதன்று. பழைய குறிப்பேடுகளில் அட்டவணைப் பெயர்களையும் நெடுவரிசைப் பெயர்களையும் மாற்றி வேலையைத் தொடங்க முடிந்தது. ஆனால் இம்முறை உடன் விடைத்தாள் இல்லை.

யாருக்குத் திறந்த கதவு?

தொலைத் தளங்கள் வானியலைச் சமமாக்கிவிட்டன என்று அடிக்கடி சொல்லப்படுகிறது. பாதி உண்மைதான். பெரிய கணினி வாங்க இயலாத கல்லூரிக்கும் உலாவி வழியே அதே ஆற்றல் கிடைக்கிறது என்பது பெரிய மாற்றம். ஆனால் உலாவிக்குப் பின்னால் தடையற்ற மின்சாரமும் இணைய இணைப்பும் வேண்டும். கற்பிக்கும் குறிப்பேடுகள் பெரும்பாலும் ஆங்கிலத்தில் உள்ளன. மேகக் கணினிக்கு யாரோ ஒருவர் மாதந்தோறும் பணம் கட்ட வேண்டும். ரூபின் அதனால் கலப்பு முறையைக் கையாள்கிறது: தரவு கலிபோர்னியாவின் ஸ்லாக் ஆய்வகத்தில், பயனர்கள் வேலை செய்யும் பகுதி மேகத்தில்.

உரிமையும் எல்லாத் தளங்களிலும் ஒன்றல்ல. ஸ்கைசர்வரிலும் கையாவின் தளத்திலும் பெயர் பதியாமலே எவரும் கேள்வி கேட்கலாம். ரூபின் தரவுக்கு முதல் இரண்டு ஆண்டுகள் உரிமை உள்ளவர்கள் அமெரிக்க, சிலி வானியலாளர்களும், உழைப்பாலோ கருவியாலோ பங்களித்த பிற நாட்டுக் குழுவினரும் மட்டுமே. வானாய்வகம் கட்டச் செலவிட்டவர்களுக்கும் மலையைத் தந்த நாட்டுக்கும் முன்னுரிமை என்பது நியாயமே. இரண்டாண்டு என்பது முனைவர் பட்டக் காலத்தில் சிறிய பங்கல்ல என்பதும் உண்மை. பயிற்சிக் குறிப்பேடுகள் இணையத்தில் அனைவருக்கும் திறந்தே உள்ளன. உரிமை இல்லாத நாட்டு மாணவர் அவற்றை வரி வரியாகப் படிக்கலாம், பயன்படுத்திய வினவலைக் கற்கலாம். ஓட்டிப் பார்க்கும் பொத்தான் மட்டும் அவருக்கு வேலை செய்யாது.